ஆங்கிலம் அறிவோம்: ‘எ’, ‘ஆன்’, ‘தி’



நமது ஆலய மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு வரும் பெரியோர்களும் தாய்மார்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எல்லாம் ஓரளவு வருகிறது. இந்த எ, ஆன், தி மூன்றையும் எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதுதான் பிடிபடவில்லை” என்பார்கள். சென்ற மாதம் ஓர் அம்மையார், “விட்டுவிட்டால்தான் என்ன தம்பி, அவர்களுக்குப் புரியாமலா போய்விடும்?” என்று கேட்டார். கடையிலும் பஸ்ஸிலும் புரிந்துவிடும் என்பது உண்மைதான். புரியாமற் போன ஓர் இடத்தை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன். வீட்டில் பாட்டிமாரும் சேர்ந்து படிக்கட்டும் என்று ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் நல்லது.

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவன். இன்று யாங்கோன் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ரங்கூன்தான். 1996-ல் மெட்ரிக் தேறினேன். அந்த ஆண்டு டிசம்பரில் மாணவர் போராட்டத்தை ஒட்டிப் பல்கலைக்கழகங்களை மூடிவிட்டார்கள்; 2000-ல்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் மொகல் ஸ்ட்ரீட்டில், அதாவது இன்றைய ஷ்வேபொந்தா ஸ்ட்ரீட்டில், ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே எல்.சி.சி.ஐ. பரீட்சைகளை முடித்தேன். பிறகுதான் பட்டப்படிப்பு. பாடப்புத்தகங்கள் ஆங்கிலம், வேலையும் ஆங்கிலம். இத்தனை வருஷம் ஆங்கிலத்தில் பாலன்ஸ் ஷீட் போட்டவனுக்கு நாலு பக்க வாக்குமூலம் எழுத மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் வந்த மாதங்களில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் இன்செயின் சிறையில் வைத்தார்கள். மாதம் இருமுறை நான் சோறு, வறுத்த கருவாடு, மாத்திரை எல்லாம் கட்டி எடுத்துப் போய்ச் சிறை வாசலில் கொடுத்துவிட்டு வருவேன். பின்னர் நான் நாட்டைவிட்டு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, இந்த விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் எழுதினேன்: “மை பிரதர் வென்ட் டு தி பிரிசன் இன் 2021. ஐ வென்ட் டு பிரிசன் ட்வைஸ் எ மன்த்.”

அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “விண்ணப்பத்தில் ‘சிறையில் இருந்ததே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே மாதம் இருமுறை சிறை சென்றதாக எழுதியிருக்கிறீர்கள். எது உண்மை?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. நான் எழுதியதற்கு ஆங்கிலத்தில் என்ன பொருள் தெரியுமா? “என் தம்பி 2021-ல் சிறைச்சாலைக்குப் போய்வந்தான். நான் மாதம் இருமுறை கைதியானேன்.” ஒரு ‘தி’ இடம் மாறியதில் கைதி பார்வையாளனாகவும் பார்வையாளன் கைதியாகவும் ஆகிவிட்டோம். முக்கால் மணி நேரம் விளக்கினேன். விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. புதிதாக வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார்கள். அடுத்த தேதி கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் என் மனைவியும் பிள்ளைகளும் வேறொரு நாட்டில் வாடகை அறையில் காத்திருந்தார்கள். அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். எழுதியிருந்ததைத்தான் அவர் படித்தார்.

இனிப் பாடம்.

தமிழில் ஆர்ட்டிக்கிள் என்பதே கிடையாது, அதனால் நமக்கு வராது என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பாட்டி கதை சொல்ல ஆரம்பித்தால் எப்படி ஆரம்பிப்பாள்? “ஓர் ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு இரண்டு பெண்டாட்டியாம்.” முதல் தடவை ‘ஒரு ராஜா’, இரண்டாம் தடவை ‘அந்த ராஜா’. கேட்கும் குழந்தைக்கு ராஜா புதியவர் என்றால் ஒரு. அறிமுகமாகிவிட்டார் என்றால் அந்த. ஆங்கிலப் பாட்டியும் இதையேதான் செய்கிறாள்: முதலில் ‘எ கிங்’, பிறகு ‘தி கிங்’. சொற்பிறப்பும் இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்று பொருள்படும் சொல் தேய்ந்து ‘ஆன்’, ‘எ’ ஆயிற்று. ‘அந்த’ என்று சுட்டும் சொல் தேய்ந்து ‘தி’ ஆயிற்று.

இதைவிட நுட்பமான சங்கதி ஒன்று நம் மொழியில் இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது பலருக்கு ஆச்சரியம். பையனைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். “தேங்காய் வாங்கி வா” என்றால் ஏதோ ஒரு தேங்காய். “தேங்காயை வாங்கி வா” என்றால்? “எந்தத் தேங்காய்?” என்று பையன் கேட்பான், அல்லது நேற்றுக் கடைக்காரரிடம் சொல்லி எடுத்து வைத்த அந்தத் தேங்காய் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். ‘பேப்பர் படித்தேன்’, ‘பேப்பரைப் படித்தேன்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ‘வீடு பார்த்தேன்’, ‘வீட்டைப் பார்த்தேன்’ சொல்லிப் பாருங்கள். இரண்டாம் வேற்றுமை உருபு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த ‘ஐ’ இங்கே ஆங்கிலேயனின் ‘தி’ செய்யும் வேலையில் பாதியைச் செய்கிறது. ‘ஐ பாட் எ கோக்கனட்’ என்பது தேங்காய் வாங்கினேன். ‘ஐ பாட் தி கோக்கனட்’ என்பது தேங்காயை வாங்கினேன்.

பாதி என்று ஏன் சொன்னேன்? மூன்று காரணம். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ஐ எப்படியும் வந்துவிடும்: ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்றால் எந்த டாக்டராகவும் இருக்கலாம். அடுத்து, எழுவாயில் ஐ வராது: ‘பஸ் வந்தது’ என்றால் ஏதோ ஒரு பஸ்ஸா, நாம் காத்திருந்த பஸ்ஸா என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. மூன்றாவதுதான் முக்கியம். பேசுகிற எனக்கு மட்டும் தெரிந்தால் ‘தி’ போட முடியாது. கேட்கிறவருக்கும் எது என்று தெரிய வேண்டும். நம்மவர் நேர்காணலில் “தி அங்கிள் ஹெல்ப்ட் அஸ்” என்று ஆரம்பிப்பார். அவர் மனத்தில் மாமா தெளிவாக நிற்கிறார். எதிரே இருப்பவரோ முந்தைய பக்கத்தைப் புரட்டி எந்த மாமா என்று தேடுகிறார். முதலில் “அன் அங்கிள் ஆஃப் மைன்” என்று மாமாவை உள்ளே அழைத்து உட்கார வைக்க வேண்டும். பிறகுதான் தி. ஆனால் ‘தி கிச்சன்’, ‘தி சன்’, ‘தி மூன்’ இவற்றுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. வீட்டில் இருப்பது ஒரு சமையலறை, வானத்தில் இருப்பது ஒரு சூரியன். கேட்பவர் தாமே கண்டுகொள்வார்.

பர்மிய மொழி பேசி வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்மியத்திலும் ஆர்ட்டிக்கிள் கிடையாது. ஆனால் எதையும் எண்ணும்போது அதன் இனத்தைச் சொல்லியாக வேண்டும்: மனிதருக்கு ‘யவுக்’, விலங்குக்குக் ‘கவுங்’, பிக்குகளுக்குப் ‘பா’. பிக்குவை எண்ணும்போது வாய் தவறிக் ‘கவுங்’ என்றால் என்ன ஆகும் என்று அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கவனத்தில் கால்வாசியை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் போதும்.

எ, ஆன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புதிதே அல்ல. ஒரு வீடு, ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன் ஓர் வருவதுபோல உயிரொலிக்கு முன் ஆன். ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தமிழில் எழுதிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். ‘யூனிவர்சிட்டி’ ய-வில் ஆரம்பிக்கிறது. ஆகவே எ யூனிவர்சிட்டி. மணியைக் குறிக்கும் ‘அவர்’ அ-வில் ஆரம்பிக்கிறது. ஆகவே ஆன் அவர். ‘எம்.ஏ.’ எ-யில் ஆரம்பிக்கிறது, ஆன் எம்.ஏ. டிகிரி. நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. முட்டையை ‘யெக்’ என்கிறோம். அதனால் ‘எ யெக்’ என்று வாய் போகிறது. அது ‘எக்’, ஆன் எக். இன்னொன்று: தமிழில் ‘நான் கணக்காளர்’ என்றால் போதும். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் அக்கவுண்டன்ட்’ என்று நிறுத்தக் கூடாது. தொழிலுக்கு முன் எ அல்லது ஆன் வேண்டும்: ‘ஐ ஆம் ஆன் அக்கவுண்டன்ட்’.

என் தொழிலில் ‘எ’-யின் பெருமையைக் காட்டும் ஒரு சொற்றொடர் இருக்கிறது. பிரிட்டனின் 1948-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், கணக்குகள் ‘எ ட்ரூ அண்ட் ஃபேர் வியூ’ தரவேண்டும் என்றது. ‘தி ட்ரூ அண்ட் ஃபேர் வியூ’ என்று சொல்லவில்லை. தேய்மானத்தை ஒருவர் ஒரு விதமாகக் கணக்கிடலாம், மற்றவர் வேறு விதமாகக் கணக்கிடலாம். இரண்டும் நேர்மையாக இருக்கலாம். அந்த ஒற்றை எழுத்து அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது. ‘தி’ போட்டிருந்தால் உண்மையான தோற்றம் ஒன்றே ஒன்றுதான் என்றாகிவிடும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாளெல்லாம் பணம் எண்ணும் எனக்கு, ஆங்கில இலக்கணம் ‘மணி’ என்ற சொல்லை எண்ண முடியாத பெயர் என்று வகைப்படுத்துவது முதலில் வேடிக்கையாக இருந்தது. யோசித்தால் நாமும் ‘பணங்கள்’, ‘அரிசிகள்’ என்று சொல்வதில்லையே. கியாட்டை எண்ணலாம், டாலரை எண்ணலாம். ‘மணி’யை எண்ணக் கூடாது. ஆகவே ‘எ மணி’ இல்லை. அதே வரிசையில் லக்கேஜ், ஃபர்னிச்சர், ஜுவல்லரி, அட்வைஸ், இன்ஃபர்மேஷன். விண்ணப்பம் எழுதுவோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எவிடென்ஸ். ‘டூ எவிடென்சஸ்’ என்று எழுதாதீர்கள். ‘டூ பீசஸ் ஆஃப் எவிடென்ஸ்’.

இப்போது என்னைச் சிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் சில இடப்பெயர்களுக்கு முன் ஒன்றுமே போடாமல் விட்டால், அந்த இடத்துக்கு உரிய காரியத்துக்காகப் போனதாகப் பொருள். ‘ஷி கோஸ் டு ஸ்கூல்’ என்றால் படிக்கப் போகிறாள். ‘ஷி வென்ட் டு தி ஸ்கூல்’ என்றால் பள்ளிக் கட்டிடத்துக்குப் போனாள். டீச்சரைப் பார்க்கப் போன தாயாக இருக்கலாம். ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்றால் நோயாளி. இது பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர்கள் நோயாளிக்கும் ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ என்பார்கள். ‘இன் பிரிசன்’ என்றால் கைதி. ‘டு தி பிரிசன்’ என்றால் சோற்றுப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கும் அண்ணன். சர்ச், காலேஜ், கோர்ட், பெட் இவையும் இந்த வகை. ‘டெம்பிள்’ இதில் சேராது. நாம் கோயிலுக்குப் போவதைக் ‘கோ டு தி டெம்பிள்’ என்று சொல்வதே நல்லது. இதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, வழக்கு, அவ்வளவுதான். தமிழில் பெரும்பாலும் போடாமல் விட்டால் அர்த்தம் மாறாது என்ற பழக்கத்திலேயே நாம் வளர்ந்திருக்கிறோம். ஆங்கிலத்திலோ போடாமல் விடுவதும் ஒரு சொல் மாதிரி பேசுகிறது.

ஊர்ப்பெயர், தெருப்பெயர் எழுதாத விண்ணப்பம் கிடையாது. ஆகையால் ரங்கூனையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒன்றும் வேண்டாம்: யாங்கோன். ஆற்றுக்குத் தி வேண்டும்: தி யாங்கோன் ரிவர், தி ஐராவதி. கடலுக்கும் அப்படியே: தி அண்டமான் சீ. ஏரிக்கு வேண்டாம்: இன்யா லேக். ஷ்வேடகோன் கோபுரம் ‘தி ஷ்வேடகோன் பகோடா’. ஆனால் அதன் பெயர் தாங்கிய தெரு வெறும் ‘ஷ்வேடகோன் பகோடா ரோடு’. 1901-ல் திறந்த ஹோட்டல் ‘தி ஸ்ட்ராண்ட்’; அது நிற்கும் தெரு ‘ஸ்ட்ராண்ட் ரோடு’. தெருவுக்குத் தி கிடையாது என்பதை ஒருதரம் பதிய வைத்துக்கொள்ளுங்கள். 1871-ல் நம் முன்னோர் கட்டிய காளி கோயில் நிற்பது அனோரதா ரோடில். அதைப் பெரியவர்கள் ஃப்ரேசர் ஸ்ட்ரீட் என்பார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் தி வேண்டாம். ‘இருபத்தேழாவது’ என்பது போன்ற வரிசை எண்ணுக்கு முன் சாதாரணமாகத் தி வரும்: ‘தி ட்வென்டி செவன்த் டே’. தெருப்பெயரானால் வராது: ‘ட்வென்டி செவன்த் ஸ்ட்ரீட்’.

நாட்டின் பெயருக்கும் ஒரு விதி. பர்மா, மியான்மர், ஸ்ரீ லங்கா, இந்தியா எதற்கும் தி வேண்டாம். பெயருக்குள் யூனியன், ரிப்பப்ளிக், கிங்டம், ஸ்டேட்ஸ் போன்ற பொதுச்சொல் வந்தால் தி வரும். 1948-ல் சுதந்திரம் அடைந்தபோது ‘தி யூனியன் ஆஃப் பர்மா’. 1989-ல் ராணுவ அரசு பெயரை மாற்றியபோது ‘தி யூனியன் ஆஃப் மியான்மர்’. பெயர் மாறினாலும் தி மாறவில்லை. பாஸ்போர்ட்டில் தி பார்த்துவிட்டு ‘ஐ ஆம் ஃப்ரம் தி மியான்மர்’ என்று எழுதியவர்கள் நம் வகுப்பிலேயே இருவர்.

எ, தி மட்டும் அல்ல. மை, ஹிஸ், திஸ், தட், ஈச், எவ்ரி இவையெல்லாம் ஒரே குடும்பம். டிட்டர்மினர் என்பார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இவர்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் உட்கார முடியாது. தமிழில் ‘என்னுடைய அந்தப் புத்தகம்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘மை தட் புக்’ சொல்லக் கூடாது; ஒருவரை எழுப்பிப் பின்னால் அனுப்ப வேண்டும்: ‘தட் புக் ஆஃப் மைன்’. ‘ஒன் மை ஃப்ரெண்ட்’ தவறு. ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ அல்லது ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’. ஆல், போத் இரண்டும் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொள்ளும்: ‘ஆல் மை சில்ட்ரன்’, ‘போத் தி சில்ட்ரன்’.

‘ஃப்யூ’ விஷயத்தில் ஒரு ‘எ’ மனநிலையையே மாற்றிவிடும். ‘ஐ ஹாவ் எ ஃப்யூ ரெலட்டிவ்ஸ் இன் யாங்கோன்’ என்றால் ரங்கூனில் சில உறவினர் இருக்கிறார்கள், ஆதரவு உண்டு. ‘ஐ ஹாவ் ஃப்யூ ரெலட்டிவ்ஸ் இன் யாங்கோன்’ என்றால் அங்கே எனக்கு யாரும் இல்லாத மாதிரிதான். எண்ணிக்கை இரண்டிலும் மூன்று பேராகவே இருக்கலாம். ‘எ லிட்டில் மணி’, ‘லிட்டில் மணி’ இரண்டுக்கும் இதே வித்தியாசம்.

கடைசியாக நம் ஆலய அறிவிப்புப் பலகைக்கு வேண்டிய ஒன்று. ‘லாஸ்ட் ஃப்ரைடே’ என்றால் கடந்த வெள்ளிக்கிழமை. ‘தி லாஸ்ட் ஃப்ரைடே ஆஃப் ஆடி’ என்றால் ஆடி மாதக் கடைசி வெள்ளி. ஆடிக் கடைசி வெள்ளி விளக்கு பூஜைக்குத் தி இல்லாமல் அறிவிப்பு எழுதினால், இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் “அது போன வாரமே முடிந்துவிட்டதே” என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். ‘லார்ட் முருகன்’ என்பதற்கு முன்னும் தி வேண்டாம். ‘லார்ட்’ தனியாக வந்தால்தான் தி.

பயிற்சிக்கு ஐந்து வாக்கியம். கோடிட்ட இடத்தில் எ, ஆன், தி போடுங்கள். வேண்டாம் என்றால் வெறுமனே விடுங்கள். முதலாவது: ஹி இஸ் ___ யூஸ்ஃபுல் மேன். இரண்டாவது: மை மதர் லிவ்ஸ் நியர் ___ யாங்கோன் ரிவர். மூன்றாவது: தி சில்ட்ரன் ஆர் இன் ___ பெட். நான்காவது: மை யங்கர் பிரதர் வாஸ் இன் ___ பிரிசன், ஐ டுக் ஃபுட் டு ___ பிரிசன் ட்வைஸ் எ மன்த். ஐந்தாவது: வீ ஹாவ் ___ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் இன் திஸ் டவுன்.

விடைகள்: முதலாவதற்கு எ, ய-வில் ஆரம்பிப்பதால். இரண்டாவதற்குத் தி. மூன்றாவதற்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளைகள் தூங்குகிறார்கள். நான்காவதில் முதல் கோட்டுக்கு ஒன்றும் வேண்டாம், இரண்டாம் கோட்டுக்குத் தி. என் இரண்டாம் வாக்குமூலத்தில் அப்படியேதான் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவதற்கு எ போடலாம், போடாமலும் விடலாம், இரண்டும் இலக்கணப்படி சரி. இந்த ஊரில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் சனிக்கிழமை வகுப்பில் சொல்லுங்கள்.